எட்டிப் பார்த்த எம்பெருமான்



சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கும் யாத்ரிகருக்கு இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ஆம் ஆண்டில் ஸ்தாபித்த பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மேற்கே தேரோடும் நான்கு வீதிகளும், அவற்றின் நடுவே தில்லைத் திருச்சித்திரகூடமும் இருக்கின்றன. கிழக்கிலிருந்து மேற்கே மாணாக்கர்கள் ஸேவைக்கு வருவதுண்டு. பரீக்ஷைக் காலமானால் வரவு கொஞ்சம் அதிகம். தெரிந்ததை முன்னே வைத்துத் தெரியாததைப் பின்னே மறைப்பது பரீக்ஷைக்கு உரிய சாதுர்யம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சாதுர்யத்தை அப்படியே ஸந்நிதிக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். மாணாக்கர்கள் மட்டும் அல்லர், பேரன் பேத்தி எடுத்த பெரியவர்களும் அப்படித்தான். செய்த தர்மம், போன க்ஷேத்ரம், இருந்த விரதம் ஆகியவற்றை எம்பெருமான் முன் வரிசையாக வைக்கிறார்கள். மற்றவை மடியில் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான இன்னொரு வகையினரும் உண்டு. உத்ஸவ காலத்தில் எந்தத் திவ்யதேசத்திலும் அவர்களைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்திருப்பார்கள். ஸந்நிதிக்குள் கூட்டம் நகரும்போது மட்டும் தூணருகே ஒதுங்கி, மற்றவர்கள் போகட்டும் என்று நிற்பார்கள். தீர்த்தத்திற்குக் கை நீட்டவும் தயங்குவார்கள். தமையனாரின் பங்கை உபாயமாக எழுதி வாங்கிக்கொண்டவர் அவர்களில் ஒருவராயிருக்கலாம். சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் சிரித்த முகத்தோடு அக்ஷதை போட்டுவிட்டு, உள்ளே பொறாமையால் வெந்தவர் ஒருவராயிருக்கலாம். படுத்த படுக்கையாயிருந்த மாமியாருக்குப் பத்து வருஷம் பணிவிடை செய்த மாது ஒருத்தி, ஓர் இரவு உடல் அயர்ந்து, 'இது எப்போது முடியும்?' என்று நினைத்திருக்கலாம். அந்த நினைவை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதால் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. இத்தகைய உள்ளத்தோடு எம்பெருமான் முன் நிற்கலாமா என்பது அவர்களுடைய கேள்வி.

எம்பெருமான் ஸர்வஜ்ஞன். ஹ்ருதயத்தில் அந்தர்யாமியாய் எழுந்தருளியிருப்பவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எனவே தோஷத்தை விண்ணப்பம் செய்வது அவனுக்குத் தெரிவிப்பதற்காக அன்று. சொல்லுகிறவனுடைய செவியிலும் அது ஒரு தரம் விழவேண்டும் என்பதற்காகவே. இதைத்தான் பூர்வாசார்யர்கள் நைச்யாநுஸந்தானம் என்றார்கள். தன் தாழ்வைத் தானே நினைத்து எம்பெருமான் திருமுன்பே சொல்லிக்கொள்வது என்று பொருள். இதற்கு வழிகாட்டிய மஹான் தூரதேசத்தில் பிறந்தவர் அல்லர். சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள காட்டுமன்னார்கோயிலில், அந்நாளைய வீரநாராயணபுரத்தில் திருவவதாரம் செய்த ஸ்ரீஆளவந்தார்தான் அவர். முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயரைத் தாங்கி நிற்கும் வீராணத்தேரி அவ்வூரை அடுத்தது. இன்று சென்னைவாஸிகள் அருந்தும் நீரில் ஒரு பகுதி அங்கிருந்துதான் போகிறது.

ஆளவந்தார், திவ்யப்ரபந்தம் நாலாயிரத்தையும் மீட்டுக்கொடுத்த ஸ்ரீமந்நாதமுனிகளின் திருப்பேரனார். அவர் சரித்ரத்தைப் பெரியோர்கள் பலவிதமாக உபந்யஸிப்பதுண்டு. பால்யத்திலேயே சோழராஜனுடைய ஸபையில் ஆக்கியாழ்வான் என்னும் மஹாவித்வானை வாதத்தில் வென்றதையும், ராஜபத்னி அவரை வாரி அணைத்து 'ஆளவந்தார்' என்று கொண்டாடியதையும், பந்தயப்படி ராஜ்யத்தில் பாதியை அவர் பெற்றதையும் எல்லாரும் விரும்பிக் கேட்பார்கள். அதற்குப் பின் நடந்ததைச் சொல்லும்போது உபந்யாஸகர்கள் கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறார்கள். பாதி ராஜ்யம் கிடைத்தவர் அந்த ராஜ்யத்திலேயே மூழ்கிவிட்டார். திருப்பாட்டனார் விட்டுச் சென்றது எது, தாம் யாருடைய பேரன் என்பது மறந்துபோயிற்று. அரண்மனைக் காவலைத் தாண்டி ஒரு ஸ்ரீவைஷ்ணவரும் அவரைப் பார்க்க முடியாத நிலை.

மணக்கால் நம்பி என்னும் ஆசார்யர் அவரைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக வந்தார். வாசலில் விடவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. மடைப்பள்ளிக்காரனைப் பிடித்து, ராஜாவுக்கு உகந்தது என்று தூதுவளைக் கீரையை நாள்தோறும் கொடுத்துவந்தார். ஆறு மாதம் இப்படிக் கொடுத்தார். பிறகு நான்கு நாள் நிறுத்தினார். 'கீரை ஏன் இல்லை?' என்று ஆளவந்தார் கேட்டார். கொண்டுவந்த கிழவரைப் பற்றித் தெரிந்தது. அழைத்து, என்ன வேண்டும் என்று வினவினார். உம்மிடம் பெறவேண்டியது ஒன்றுமில்லை, உம்முடைய பாட்டனார் வைத்துப்போன நிதி ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதை ஒப்படைக்க வேண்டும் என்றார் நம்பி. நாளடைவில் கீதையின் பொருளை உபதேசித்து, இரண்டு ஆற்றுக்கு நடுவே ஏழு மதிலுக்குள் ஸர்ப்பம் காக்கும் நிதி என்று சொல்லி ஸ்ரீரங்கத்திற்கு அழைத்துப்போய், பள்ளிகொண்ட பெரியபெருமாளைக் காட்டிக்கொடுத்தார். ஆளவந்தார் அன்றே ராஜ்யத்தைத் துறந்தார்.

இப்படி வந்தவர் அருளிச்செய்தது 'ஸ்தோத்ர ரத்னம்'. அறுபத்தைந்து ச்லோகங்கள். ஸ்ரீபெரியவாச்சான் பிள்ளை மணிப்ரவாளத்திலும், ஸ்வாமி வேதாந்த தேசிகன் ஸம்ஸ்க்ருதத்திலும் இதற்கு வ்யாக்யானம் ஸாதித்திருக்கிறார்கள். காஞ்சியில் ஸ்ரீராமாநுஜர் செவியில் பெரிய நம்பி சொன்னதும், அவரை இந்த ஸம்ப்ரதாயத்திற்கு இழுத்ததும் இந்த ஸ்தோத்ரம்தான் என்று குருபரம்பரை கூறும்.

ஸ்தோத்ரத்தின் நடுவில் ஓர் இடம். எம்பெருமானுடைய பெருமைகளைச் சொல்லிச் சொல்லி, பெரிய பிராட்டியாரோடு அவன் எழுந்தருளியிருக்கும் இருப்பை வர்ணித்து, அவனுக்கு நித்யகைங்கர்யம் செய்து அவன் முகம் மலரும்படி என்று வாழ்வேனோ என்று மனோரதம் செய்கிறார். அடுத்த ச்லோகத்தில் திடீரென்று நிற்கிறார். ப்ரஹ்மாதிகளும் யோகிச்ரேஷ்டர்களும் மனத்தாலும் எட்ட முடியாத பதவியை, இத்தனை அசுத்தனும் வெட்கமற்றவனுமான தான் விரும்பிவிட்டதை நினைத்துத் தன்னையே நிந்தித்துக்கொள்கிறார். ஏறக்குறைய முடிவில், உள்ளே இருப்பவற்றைப் பேர் சொல்லியே விண்ணப்பிக்கிறார். வரம்பு கடந்தவை, நிலையில்லாத மனம், பொறாமை, செய்ந்நன்றி மறத்தல், கர்வம், காமம், வஞ்சகம் எல்லாம் அதில் வருகின்றன. 'ஏதோ அறியாமல் செய்த பிழைகள்' என்று பொதுப்படையாகச் சொல்லி முடித்துவிடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஊன்றிப் பார்க்கவேண்டும். ஆளவந்தார் நின்றார், திரும்பிப் போகவில்லை. தன்னை நிந்தித்துக்கொண்ட ச்லோகத்திற்கு அடுத்த ச்லோகத்திலேயே, ஆயிரம் அபராதங்கள் செய்து ஸம்ஸாரக்கடலில் விழுந்து கிடக்கும் தன்னைக் க்ருபையாலேயே தன்னவனாக்கிக்கொள்ள வேண்டும் என்று ப்ரார்த்திக்கிறார். 'நான் தகாதவன்' என்றால் உலகத்தில் அடுத்த வார்த்தை 'ஆகையால் போகிறேன்' என்பது. ஆளவந்தாருக்கு அடுத்த வார்த்தை 'ஆகையால் உன்னையன்றி வேறு கதி இல்லை' என்பது. ஆகிஞ்சன்யம், கைம்முதல் இல்லாமை என்று பெரியோர்கள் சொல்லுவது இதைத்தான். தூணருகே நிற்கும் அன்பர்கள் முதற்பாதியைச் சரியாகவே கற்றிருக்கிறார்கள். இரண்டாம் பாதியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

'ஆளவந்தாருக்கு ஏது தோஷம்? நமக்காக அல்லவோ அப்படி அருளிச்செய்தார்' என்று சிலர் ஸமாதானம் சொல்லுவார்கள். அப்படிக் கொள்வதற்கும் ஸம்ப்ரதாயத்தில் இடமுண்டு. ஆனாலும் இந்த ஸமாதானம் சில சமயம் நாம் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. ராஜபோகத்தில் பாட்டனாரையே மறந்திருந்த அந்த நாட்களை ஆளவந்தார் பிற்காலத்தில் நினைக்காமலிருந்திருப்பாரா? ஸ்தோத்ரத்தின் கடைசி ச்லோகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. என் நடத்தையைத் திருவுள்ளம் பற்ற வேண்டாம், என் பாட்டனார் நாதமுனிகளைப் பார்த்து அருள்புரிய வேண்டும் என்று முடிக்கிறார். எந்தப் பாட்டனாரை மறந்தாரோ அவருடைய திருநாமத்தையே இறுதியில் பற்றிக்கொள்கிறார்.

அவர் சரித்ரத்தில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. நாதமுனிகளின் யோகரஹஸ்யம் குருகைக்காவலப்பன் என்னும் சிஷ்யரிடம் இருந்தது. அதைப் பெறுவதற்காக ஆளவந்தார் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு எழுந்தருளினார். அப்பகுதியில் குருவாலப்பர்கோயில் என்ற ஊர் இன்றும் அந்த மஹானின் பெயரால் விளங்குகிறது. அப்பன் அப்போது யோகத்தில் அமர்ந்து எம்பெருமானை அநுபவித்துக்கொண்டிருந்தார். அதற்கு இடையூறு செய்யக்கூடாதென்று ஆளவந்தார் ஒரு மதிலுக்குப் பின்னால் மறைந்து நின்றார். சிறிது நேரத்தில் அப்பன் திரும்பி, சொட்டைக் குலத்தவர் யாராவது வந்திருக்கிறாரா என்று கேட்டார். சொட்டை என்பது நாதமுனிகளின் வம்சப்பெயர். எப்படித் தெரிந்தது என்று ஆளவந்தார் வியந்தபோது அப்பன் சொன்ன விடையை உபந்யாஸகர்கள் சொல்லிக் கேட்கவேண்டும். தாம் எம்பெருமானோடு இருக்கும்போது, பிராட்டியே வந்தாலும் அவன் முகத்தைத் திருப்புவதில்லையாம். இன்றோ தம் தோளை அழுத்திக்கொண்டு கழுத்துக்கு மேலாக மூன்று நான்கு தரம் மதில் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தானாம். வந்திருப்பவர் அந்தக் குலத்தவராகவே இருக்கவேண்டும் என்று அதனால் தெரிந்ததாம்.

ஆளவந்தார் மறைந்து நின்றது விநயத்தால். குற்றமுள்ளவன் மறைந்து நிற்பது கூச்சத்தால். இரண்டும் ஒன்றல்ல. எட்டிப் பார்க்கிறவன் ஒருவனே என்பதால்தான் இங்கே இது சொல்லப்பட்டது. அந்தக் கதையின் மிச்சமும் சுகமானதல்ல. யோகரஹஸ்யத்தை உபதேசிக்க அப்பன் ஒரு நாளைக் குறித்து ஓலை கொடுத்தார். ஆளவந்தார் அந்த ஓலையைப் பிரித்துப் பார்த்தது திருவனந்தபுரத்தில். பார்த்த அன்றைக்கே அந்த நாள். பறந்துவர விமானம் இல்லையே என்று வருந்தினார். யோகரஹஸ்யம் அதோடு போயிற்று. ஆசார்யர்களின் சரித்ரத்தை எழுதியவர்கள் இதை மறைக்கலாம் என்று நினைக்கவே இல்லை.

தில்லைத் திருச்சித்திரகூடத்திற்கு வந்தவர்களுக்கு ஸ்ரீராமாயணம் நினைவுக்கு வராமல் போகாது. குலசேகரப் பெருமாள் பெருமாள் திருமொழியின் பத்தாம் பதிகத்தில், பதினோரு பாசுரங்களிலே ஸ்ரீராமாயணம் முழுவதையும் சுருக்கிப் பாடியது இந்தத் திவ்யதேசத்து எம்பெருமான் விஷயமாகத்தான். இராவணனை முடித்து அவன் தம்பிக்கு அரசளித்ததையும் அதில் பாடியிருக்கிறார். அந்தத் தம்பி சரணாகதி செய்யவந்த விதத்தைக் கவனிக்கவேண்டும். விபீஷணாழ்வான் கடற்கரையில் ஆகாயத்தில் நின்றுகொண்டு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, தர்மத்தை எடுத்துச்சொல்லி அவமானப்பட்டதை முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தக்க நற்குணங்கள் அவனிடம் எத்தனையோ இருந்தன. ஆனால் துராசாரனான இராவணனைச் சொல்லி, அவனுக்குத் தம்பி என்றுதான் தொடங்குகிறான். தன்னிடம் எது வெறுக்கத்தக்கதோ அதையே முகவரியாகக் கொடுக்கிறான். ஸுக்ரீவ மஹாராஜர் இவனைக் கொல்லவேண்டும் என்றார். மித்ரபாவத்தோடு வந்தவனைக் கைவிடமாட்டேன், அவனிடம் தோஷம் இருந்தாலும் இருக்கட்டும் என்றான் பெருமாள். தோஷம் இல்லை என்று அவன் வாதாடவில்லை.

திருமங்கையாழ்வாரும் தில்லையை இரண்டு பதிகங்களில் மங்களாசாஸநம் செய்திருக்கிறார். அவற்றில் முதல் பதிகம் விசேஷமானது. உணவை ஒழித்து, உடலை வாட்டி, தீ நடுவே நின்று தவம் செய்யப் புறப்படுகிறவர்களைப் பார்த்து, அவ்வளவு துன்பம் எதற்கு, தில்லைத் திருச்சித்திரகூடம் சென்று சேருங்கள் என்கிறார். தன்னைத் தானே தண்டித்துக்கொண்ட பிறகுதான் எம்பெருமானிடம் வரலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன சொல்லவேண்டும்? சொன்னவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். அடியார்களுக்குத் ததீயாராதனம் நடத்தக் கையில் பொருள் தீர்ந்தபோது வழிப்பறியில் இறங்கியவர் அவர். மணக்கோலத்தில் வந்த வயலாலி மணவாளனை வழிமறித்து நகைகளைப் பறித்தார். கழற்றவராத திருவடி அணிகலனைப் பல்லால் கடித்து வாங்கினார். கட்டிய மூட்டையைத் தூக்க முடியாமல் அதட்டிக் கேட்டபோது திருமந்த்ரத்தைச் செவியில் பெற்றார்.

சீர்காழியை அடுத்த திருவாலி திருநகரிப் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் இந்த வேடுபறியை உத்ஸவமாகவே நடத்துகிறார்கள். நள்ளிரவில், தீவட்டி வெளிச்சத்தில், வேலேந்திய ஆழ்வார் குதிரைமேல் வந்து பெருமாளை வழிமறிக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் விழித்திருந்து பார்க்கிறார்கள். நம் வீடுகளில் இப்படி ஒரு முன்னோர் இருந்திருந்தால் அவர் பேச்சையே எடுக்கமாட்டோம். அவர் படத்தையும் கூடத்தில் மாட்டமாட்டோம். ஆழ்வார் ஆனபிறகு அவர் கையிலிருந்த வேலை யாரும் வாங்கி ஒளித்துவைக்கவில்லை. அர்ச்சையிலும் அது அவரோடு இருக்கிறது.

எம்பெருமானுடைய வாத்ஸல்யத்திற்குப் பூர்வாசார்யர்கள் கன்றையீன்ற பசுவைத் திருஷ்டாந்தமாகச் சொல்லுவார்கள். பிறந்த கன்றின் உடம்பில் உள்ள வழும்பைப் பசு அருவருப்பதில்லை. நாக்காலேயே நக்கித் துடைக்கிறது. தோஷமே அவனுக்குப் போக்யமாகிறது என்பது ஒரு பக்ஷம். தோஷத்தைக் காணாதவன் போல் இருந்து பொறுக்கிறான் என்பது மற்றொரு பக்ஷம். பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீவசனபூஷணத்தையும், கடலூரை அடுத்த திருவஹீந்த்ரபுரத்தில் பல்லாண்டு எழுந்தருளியிருந்த ஸ்வாமி தேசிகனின் க்ரந்தங்களையும் ஸேவித்தவர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும், வித்வான்களுக்கு அது அழகு. கன்றுக்கு அந்த விசாரத்தால் ஆவது ஒன்றுமில்லை. வழும்பைத் துடைத்துக்கொண்டு வந்தால்தான் மடியருகே விடுவேன் என்று எந்தப் பசுவும் சொன்னதில்லை என்பதில் இரு பக்ஷத்தாருக்கும் ஐகமத்யம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நைச்யம் சொல்லுவது இக்காலத்தில் ஒரு நாகரிகமாகவும் ஆகியிருக்கிறது. 'அடியேன் மஹாபாபி' என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதுகிறவர்கள் உண்டு. அதே வார்த்தையைப் ப்ரஸாத வரிசையில் பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தால், அந்த நைச்யத்தின் ஆழம் தெரிந்துவிடும். தன் உள்ளத்து அழுக்கை மெய்யாகவே பார்த்தவனுக்குப் பிறர் அழுக்கைக் கண்டு கூச்சலிடத் தோன்றாது. ஆளவந்தார் தம் ஸ்தோத்ரத்தில் பொறாமையையும் வஞ்சகத்தையும் தம்மிடத்தில் உள்ளனவாகவே சொன்னார். அடுத்த வீட்டுக்காரரைச் சொல்லவில்லை.

விண்ணப்பம் செய்துவிட்டால் போதும், மேலே எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் நினைக்கக்கூடாது. தமையனாரின் பங்கை வைத்துக்கொண்டே ஸந்நிதியில் கண்ணீர் விடுவது நைச்யம் ஆகாது. அந்த அன்பர் எம்பெருமானிடம் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பியதும், பத்திரத்தை எடுத்துக்கொண்டு தமையனார் வீட்டிற்குப் போகவேண்டும். அந்த வாசற்படி ஏறுவது ஸந்நிதியின் படி ஏறுவதைவிடக் கடினமாயிருக்கும். ஒருமுறை இங்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அங்கே சொல்லக் கொஞ்சம் வாய் திறக்கும்.

மாமியாருக்குப் பணிவிடை செய்த அந்த மாதின் விஷயம் வேறு. அவள் திருப்பிக் கொடுக்கவேண்டியது ஒன்றும் இல்லை. பத்து வருஷமும் அவள் கை செய்த கைங்கர்யம் மெய். ஓர் இரவு அவள் மனம் அயர்ந்ததும் மெய். பின்னது முன்னதைப் பொய்யாக்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். 'அப்படி நினைத்தவள் நானேதான்' என்று அவள் எம்பெருமானிடம் சொல்லலாம், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஏழு மதிலுக்குள் இருக்கும்போதும், ஒரு மதிலுக்குப் பின்னால் நிற்கிறவரை எட்டிப் பார்க்கிறவனுக்கு, ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பவள் தெரியாமலா போவாள்?

தில்லை கோவிந்தராஜன் ஸந்நிதிக்கும் ஒரு சரித்ரம் உண்டு. நடுவே நெடுங்காலம் எம்பெருமான் இங்கே ஸேவை தராமலிருந்து, 1539-ஆம் ஆண்டில் விஜயநகரத்து அச்யுத தேவராயர் காலத்தில் மீண்டும் ப்ரதிஷ்டையானான். திரும்பிவந்தவனை ஸேவிக்கத் திரும்பிவருகிறவர்கள் கூசவேண்டுமோ?

திருநாள் முடிந்து ஒரு நாள் கைவசம் உள்ள அன்பர்கள் காட்டுமன்னார்கோயிலுக்கும் சென்றுவரலாம். சிதம்பரத்திலிருந்து பஸ் வசதி இருக்கிறது. வீரநாராயணப் பெருமாளை ஸேவித்துவிட்டு, அதே கோயிலில் நாதமுனிகளையும் ஆளவந்தாரையும் ஸேவிக்கலாம். பாட்டனாரும் பேரனாரும் ஒரே கோயிலில் எழுந்தருளியிருக்கிறார்கள். ஆளவந்தாரின் திருநக்ஷத்திரம் ஆடி உத்திராடம். போகிற வழியில் வேலியோரங்களில் தூதுவளை படர்ந்திருந்தால், நெருங்கிப் பார்த்துவிட்டுப் போகட்டும். இலையின் அடியிலும் அதற்கு முள் உண்டு. நம்பி ஆறு மாதம் அதைப் பறித்துக் கொடுத்தார்.